கோவளத்துக் கூடாரமும் ஒரு வெண்கலப் பானையும்

சனிக்கிழமை பகல் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மோட்டார் புறப்பட்டது. ஒரு மணிக்கே புறப்பட்டிருக்க வேண்டும். சாமான்களை ஏற்றி இறக்கியதில் பத்து நிமிஷம் போயிற்று. மார்கழி மாதம், இரண்டாவது வாரம். பிரயாணிகள் நானும் என் மனைவி கோமளமும். எனக்கு வயது அறுபத்திரண்டு, அவளுக்கு ஐம்பத்தைந்து. போகும் இடம் கோவளம், சுமார் இருபத்திரண்டு மைல். அங்கே கடற்கரையில் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்குவதாக உத்தேசம்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. காரணம் நான்தான். முப்பத்தொரு வருஷம் ஜில்லாக் கச்சேரியில் முகாம் குமாஸ்தாவாக இருந்தவன். கலெக்டர் துரை கிராமக் கணக்குகளைப் பார்க்க ஜமாபந்திக்குக் கிளம்பினால் கூடாரம், நாற்காலி, மசிக்கூடு, விளக்கு எல்லாவற்றையும் எண்ணி வண்டியேற்றி, போன ஊரில் எண்ணி இறக்குவது என் வேலை. ஒரு முளைக்குச்சிகூடத் தொலைந்தது கிடையாது. இந்தப் பெருமையை நான் வீட்டில் பேசாத நாள் குறைவு. தீபாவளி கழிந்து ஒரு நாள், வெற்றிலை மடித்துக்கொண்டே கோமளம் சொன்னாள்:

"முப்பது வருஷமா கூடாரம் கூடாரம்னு கேட்டுண்டே இருக்கேன். நீங்க ஊர் ஊரா அதுல தூங்கினேள். நான் ஆத்துல தனியாத் தூங்கினேன். ஒரு ராத்திரி எனக்கும் காட்டுங்கோ."

கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னேன். குளிர் ஒன்று, என் முழங்கால் இரண்டு, திருடர் மூன்று. மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்போ போறோம்?" என்றாள்.

கூடாரம் பந்தல் சாமான் கடையில் வாடகைக்குக் கிடைத்தது, ஒன்றரை ரூபாய். இரண்டு இடங்களில் ஒட்டுப் போட்டது. மோட்டார் இரண்டு நாளைக்குப் பெட்ரோல் சேர்த்துப் பன்னிரண்டு ரூபாய். அதை ஓட்டுகிற ரஹீம் மீர்சாகிப்பேட்டைக்காரர், நாற்பது வயது இருக்கும். எங்கள் சாமான்களைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னா சாமி இது, நைட்டு ஒண்ணு தங்கறதுக்கா, இல்ல ரங்கூனுக்கே போறீங்களா? ஸ்பிரிங்கு தாங்காது."

அதனால்தான் இறக்க நேர்ந்தது. நாற்பத்தேழு உருப்படிகளில் மூன்றைக் குறைத்தேன்: மடக்கு நாற்காலி, இரண்டாவது விளக்கு, ஒரு ஜாடி. ஜாடி இரண்டு இருந்தது, இரண்டும் ஒரே அளவு, இரண்டுக்கும் வெள்ளைத் துணியால் வாய் கட்டியிருந்தது. ஒரு ராத்திரிக்கு ஊறுகாய் இரண்டு ஜாடி எதற்கு? கோமளம் உள்ளே பூட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒன்றை எடுத்து எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடையாற்றுப் பாலத்தில் காற்று பலம். மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். கோமளம் தலையை வெளியே நீட்டி, ஆறு கடலில் சேருகிற இடத்தை, பாலம் முடிகிற வரையில் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றே முக்காலுக்குத் திருவான்மியூர். மருந்தீசுவரர் கோவிலுக்கு நேரே வண்டியை நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கு அப்பால் வீடுகள் விட்டுவிட்டுத்தான் வருகின்றன. இரண்டு பக்கமும் பனை, பிறகு சவுக்கு, பிறகு மறுபடியும் பனை. மணிக்கு இருபது மைலுக்கு மேல் போகக் கூடாது என்று ரஹீமிடம் முன்பே பேசியிருந்தேன். அவரும் மீறவில்லை. ஆனால் சோழிங்கநல்லூருக்கு அருகே ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று.

"பார்த்தியாம்மா, காளை மாடு நம்மளப் பாத்து சிரிச்சிக்கினு போவுது" என்றார்.

"அவருக்கு அதுதான் திருப்தி. நீங்க ஓட்டுங்கோ" என்றாள் கோமளம்.

மூன்று மணி சுமாருக்குக் கேளம்பாக்கம். அங்கே கிழக்கே திரும்பினால் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், மழைக்காலமாகையால் வேலை நடக்கவில்லை. வெகுதூரத்தில் காக்கிச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் வரப்பில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"உப்புச் சேவகனுங்க" என்றார் ரஹீம். "இந்த வருசம் அவனுங்களுக்குத் தூக்கமே இல்ல. கடலோரம் எங்க பொகை வந்தாலும் ஓடறானுங்க. பானைய ஒடைக்கிறான், ஆளப் புடிக்கிறான்."

அது தேசமெங்கும் ஜனங்கள் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துச் சிறைக்குப் போன வருஷம். இப்போது அந்தக் கெடுபிடி தளர்ந்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். அப்போதோ, சர்க்காரிடம் பென்ஷன் வாங்குகிறவர்கள் அந்தக் காரியத்துக்குக் கிட்டத்தில் நின்றாலும் பென்ஷன் நின்றுவிடும் என்று பேச்சு. உண்மையோ பொய்யோ, நான் சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, நிலம் நீச்சு கிடையாது. மாதம் பிறந்தால் கஜானாவில் கையெழுத்துப் போட்டு வாங்குகிற நாற்பத்திரண்டு ரூபாய்தான் இரண்டு பேருக்கும் சோறு.

"இதோ பாரு, வழியில் ஒரு கல் உப்புக் கிடந்தாலும் தொடாதே" என்று கோமளத்திடம் சொன்னேன்.

"நான் ஏன் தொடறேன்? நம்மகிட்டதான் இருக்கே" என்றாள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

மூன்றரைக்கு இடம் சேர்ந்தோம். ஊரை ஒட்டி வலைஞர் குடிசைகளும், மாதாகோவிலும், சற்றுத் தள்ளித் தர்காவும் இருக்கின்றன. நாங்கள் ஊருக்கு வடக்கே முக்கால் மைலில், சவுக்குத் தோப்பின் ஓரத்தில் இறங்கினோம். அலை வந்து போன ஈரக்கோட்டிலிருந்து அறுபது கஜம் அளந்து கூடாரம் அடிக்கச் செய்தேன். ரஹீமுக்கு முளையடிக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் அடித்துப் பழக்கமில்லை. கச்சேரியில் லஸ்கர்கள் அடிப்பார்கள், நான் எண்ணுவேன். இரண்டு தரம் சரிந்தது. மூன்றாவது தரம் கோமளம் வந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடுக்கம்பைப் பிடித்தாள். நின்றது.

மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று வேடிக்கை பார்த்தாள். பிறகு பேர் மேரி என்று தெரிந்துகொண்டோம்.

"இன்னா ஐயிரே, பந்தல் போட்டுக்கீறீங்க? கண்ணாலமா?"

"ஆமாம்" என்றாள் கோமளம். "நாப்பது வருஷம் முன்னாடி ஆச்சு. இப்பத்தான் ஊர்வலம் வந்திருக்கோம்."

மேரி சிரித்த சிரிப்பில் கூடை கீழே விழுந்துவிட்டது.

தர்காவண்டை தன் மச்சான் வீட்டில் படுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி ரஹீம் போனார். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டோம். ராத்திரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் கம்பளிக் குல்லாய், மப்ளர், இரண்டு சால்வை, காலுறை இவற்றோடு படுத்தும் குளிர்ந்தது. தரையிலிருந்து வருகிற குளிருக்குச் சால்வை என்ன செய்யும்? கோமளம் கூடாரத் துணியை ஒரு தரம் தடவிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.

ஞாயிறு காலை ஐந்தே முக்கால். கூடாரக் கம்பில் தொங்கவிட்டிருந்த உஷ்ணமானியில் அறுபத்தாறு டிகிரி பாரன்ஹீட். சீமையில் இதை வெயில் என்பார்களாம். என் முழங்கால் இரண்டும் மடங்கமாட்டேன் என்றன. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால்தான் எழுந்திருக்க முடியும். ஆனால் கொண்டுவந்த தண்ணீர் இரண்டு குடம். குடிக்க, பல் துலக்க, சமைக்க என்று டம்ளர் கணக்கில் பிரித்து வைத்திருந்தேன். முழங்காலுக்கென்று ஒதுக்கவில்லை.

"எதிர்த்தாப்பல சமுத்திரம் இருக்கு. முழங்காலுக்குக் காவேரி ஜலமா வேணும்?" என்று சொல்லி, கோமளம் வெண்கலப் பானையில் அலைத் தண்ணீர் மொண்டுவந்தாள். மூன்று கல் வைத்து, சவுக்குச் சுள்ளியைப் பற்றவைத்துக் காய்ச்சி, துண்டை நனைத்து நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். சுகமாக இருந்தது. பால் காய்ச்சுகிற சின்னக் கரி அடுப்பில் காப்பியும் போட்டுக் கொடுத்தாள். மிச்சமிருந்த தண்ணீர் சூடு ஆறாமல் இருக்கட்டும், வந்து இன்னொரு தரம் ஒத்தலாம் என்று பானையை நெருப்பிலேயே விட்டுவிட்டு, இரண்டு பெரிய விறகையும் சொருகினாள்.

சூரியன் வந்துகொண்டிருந்தது. நான் சொல்லாமல் இருக்க முடியாது: முப்பத்தொரு வருஷ முகாமில் எத்தனையோ விடியற்காலை கூடாரத்திலிருந்து வெளியே வந்திருக்கிறேன், ஒரு தரமும் கிழக்கே பார்த்ததில்லை. கட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். கடல் முதலில் ஈயப் பாத்திரம் போல இருந்தது. பிறகு ஒரு ஓரம் சிவந்தது. கோமளம் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மாசி மகத்துக்கும் கிரகணத்துக்கும் ஸ்நானம் செய்து பழக்கம்தான், அதெல்லாம் கூட்டத்தில் முங்கி எழுந்து ஓடிவருவது. இப்போது அவசரமில்லாமல் நின்றாள். அலை வந்தால் பின்வாங்கினாள், போனால் துரத்தினாள். ஜலதோஷம் பிடிக்கும் என்று ஏழெட்டுத் தரம் கூப்பிட்டேன். காதில் விழவில்லை, அல்லது விழுந்தது. பிறகு கரையோரமாக வடக்கே நடந்தோம். திரும்பிவரும்போது மணி ஏழேகால்.

பானையில் தண்ணீர் இல்லை. அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. கோமளம் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. பொங்கலுக்கு அரிசி களைஞ்சு வெச்சுட்டு உப்பு ஜாடியைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். உங்க கிட்டக் கேக்கணும்னு இருந்தேன். எங்கே அது?"

எதிர்வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் என் மனம் அங்கே இல்லை. கடற்கரை, அடுப்பு, பானை, கடல் தண்ணீர், உப்பு. நாங்கள் உப்புக் காய்ச்சிவிட்டோம். ஒரு சிறங்கை இருக்கும்.

"கொட்டு. உடனே கடலில் கொட்டு" என்றேன்.

"எதுக்கு? ஸ்வாமி கொடுத்த உப்பு."

இப்படி நாங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தோப்புக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். காக்கிச் சட்டை, மார்பில் பித்தளை வில்லை, கையில் பூண் போட்ட தடி, தலையில் துணி சுற்றிக் காதுவரை இழுத்திருந்தான். உப்புச் சேவகன். புகையைப் பார்த்து வந்திருக்கிறான். நேரே பானைக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னா இது?"

"முழங்காலுக்கு ஒத்தடம்" என்றேன்.

"பானைக்கு இன்னாத்துக்கு ஒத்தடம்? உப்பு காச்சிக்கீறீங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். வரிசையாகத்தான் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "சரி, நீங்க கொண்டாந்த உப்ப காட்டு. சமைக்க வந்தவங்க கையில கடை உப்பு இருக்கணுமே" என்றான்.

நாற்பத்துநான்கு உருப்படி. சுண்ணாம்பு டப்பி இருந்தது. ஊசி நூல் இருந்தது. கலெக்டர் முகாமில் வைத்துக்கொள்வது போல மசிக்கூடும் இரண்டு பேனாவும் இருந்தன. உப்பு இல்லை. அவன் ஒவ்வொன்றையும் தடியால் தள்ளிப் பார்த்தான்.

"அரிசி கீது, பருப்பு கீது, மொளகு கீது, நெய் கீது. உப்பு மட்டும் இல்ல. உப்பில்லாம எவனாச்சும் பொங்க வருவானா? இங்க காச்சிக்கலாம்னே வந்துக்கீறீங்க. எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் கிடையாது. நான் சர்க்கார் பென்ஷன்காரன்" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றிற்று.

"அப்ப இன்னும் மோசம்" என்றான். "சரி, யார் காச்சினது? பேரு எழுதணும்."

கோமளம் வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "நான்தான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் பேச்சைக் கேக்காதீங்கோ. நாப்பது வருஷத்துல அவர் ஒரு அடுப்பு மூட்டினது கிடையாது. நான்தான் காய்ச்சினேன். என் பேரை எழுதிக்கோங்கோ."

"நான்தான்" என்றேன் மறுபடியும். "அவள் அலையில் விளையாடிக்கொண்டிருந்தாள்."

சேவகன் தடியை மணலில் ஊன்றிக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தான். "இன்னாயா இது பேஜாரு. வழக்கமா ஆளப் பார்த்தா ஓடுவான். இல்லாட்டி ஜே போட்டுக்கினு முன்னாடி வருவான். புருசன் பொஞ்சாதி சண்ட போடறத இப்பதான் பாக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "சரி ஐயிரே, நீதான்னா சொல்லு. சுள்ளிய எப்படிப் பத்தவெச்சே?"

"நெருப்புக்குச்சியால்" என்றேன்.

"ஈர சவுக்கு. கடல் காத்து. வெறும் நெருப்புக்குச்சியால." கோமளத்தைப் பார்த்தான். "நீ சொல்லும்மா."

"காஞ்ச பனையோலையை அடியில வெச்சு, காத்துக்குக் குடையை மறைச்சுண்டு."

"அம்மாதான்" என்று தீர்ப்புச் சொன்னான். அவன் தடியை மாற்றிப் பிடித்ததும் நான் கோமளத்துக்கு முன்னால் ஓரடி வைத்தேன். ஆனால் அவன் பானையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, எதிர்பாராமல் கீழே உட்கார்ந்து அடுப்பில் கையைக் காட்டிக் குளிர் காய ஆரம்பித்தான்.

"வெங்கலம். ஒடையாது. மண்பானைன்னா ஒரு போடு. சித்திரையிலேர்ந்து எத்தினி ஒடைச்சேன் தெரியுமா? பொம்பளைங்க நின்னு பார்த்துக்கினே இருப்பாங்க. அன்னிக்கு எனக்கு சோறு எறங்காது." கையைத் தேய்த்துக்கொண்டான். "ரூலு ரெண்டு இருக்குது. ஆபீசுக்குக் கொண்டுபோயி, நிறுத்து, கேசு எழுதணும். கொஞ்சமா இருந்தா எங் கண்ணு முன்னாடி இங்கியே அழிச்சுடணும். அழிச்சா கேசு இல்ல. இது ஒரு கை உப்பு. இத தூக்கிக்கினு போனா எங்க ஐயா என்னத்தான் திட்டுவாரு."

நான் பானையைத் தூக்கக் குனிந்தேன். முழங்கால் வலியே தெரியவில்லை. கடல் அறுபது கஜம்.

"இருங்கோ" என்றாள் கோமளம். சேவகனைக் கேட்டாள்: "அழிக்கணும்னா எப்படி அழிக்கணும்? கடல்லதான் கொட்டணும்னு இருக்கா?"

"அப்படின்னு இல்ல. இல்லாம பண்ணணும். அவ்வளவுதான்."

"அப்போ சரி" என்றாள். களைந்து வைத்திருந்த அரிசியோடு மிச்ச அரிசியையும் பருப்பையும் பானையில் போட்டு, என் கணக்கையெல்லாம் பார்க்காமல் அரைக் குடம் தண்ணீரை ஊற்றி, விறகைத் தள்ளினாள். "இன்னும் முக்கால் மணியில அழிஞ்சுடும்."

நானும் சேவகனும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீரில் வெள்ளை கரைந்துபோயிற்று. நெய்யில் மிளகும் சீரகமும் பொரிகிற வாசனை வந்ததும் அவன் தலையில் கட்டியிருந்த துணியைக் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டான்.

"நாலு மணிலேர்ந்து நடக்கறேம்மா" என்றான்.

எட்டு மணிக்கு ரஹீம் வண்டியோடு வந்தபோது சேவகன் இலைக்கு முன் உட்கார்ந்திருந்தான். பித்தளை வில்லையைப் பார்த்து ரஹீம் வண்டியிலிருந்து இறங்கவே யோசித்தார்.

"வாங்கோ ரஹீம், உங்களுக்கும் பங்கு இருக்கு" என்று கோமளம் கூப்பிட்டாள். "இவர் உத்தரவு. மிச்சம் வைக்கக் கூடாது."

சேவகன் அதைக் கண்டிப்பாகவே சொன்னான். பானையில் ஒரு பருக்கை இருக்கிற வரையில் சரக்கு அழிந்ததாகக் கணக்கில்லை, அது தன் உத்தியோகம். பானையில் இருந்த உப்பு அடங்குவதற்காகக் கோமளம் கொண்டுவந்த அரிசி முழுவதையும் போட்டிருந்தாள். அதனால் உப்பு அளவுதான், ஆனால் பொங்கலில் லேசாக ஒரு கசப்பு. கடல் உப்பைத் தெளியவைக்காமல் எடுத்தால் அப்படித்தான் இருக்குமாம், சேவகன் சொன்னான். சொல்லிக்கொண்டே மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டான். நான் இரவில் பலகாரம், காலையில் அரை வயிறு என்று இருக்கிறவன். நானும் மூன்று தரம் சாப்பிட்டேன், சர்க்காருக்காக. அப்போது மேரி கூடையோடு அந்தப் பக்கமாக வந்தாள்.

"கண்ணால விருந்தா?"

"ஆமாம். கூடையைக் காத்துக்கு அந்தண்டை வெச்சுட்டு வா" என்றாள் கோமளம்.

மேரி ஒரு இலையைச் சுத்தமாக முடித்தாள். இன்னும் இரண்டு கரண்டி மிச்சமிருந்தது. அதையும் வழித்து அவள் இலையிலேயே போட்டாள் கோமளம். பிறகு பானையைக் கவிழ்த்து, சேவகனிடம் காட்டினாள். அவன் உள்ளே விரலால் ஒரு தரம் துடைத்து, நக்கிப் பார்த்து, "அழிஞ்சிபோச்சு" என்றான். எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுக் கரையோரமாகத் தெற்கே நடந்தான். பேரை எழுதவில்லை.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். சாமான் நாற்பத்துநான்கும் சரியாக இருந்தன. கேளம்பாக்கத்தில் இளநீர், ஒன்று அரையணா. கோவளத்தையும் எங்கள் ஊரையும் ஒப்பிட்டுச் சொல்வதானால், மயிலாப்பூரில் தரை சில்லென்று இருக்காது, கிணற்றில் தண்ணீருக்குக் கணக்கில்லை, வில்லை போட்ட ஆள் அடுப்படிக்கு வருவதில்லை. எல்லா வகையிலும் வீடு மேல். சவுக்குத் தோப்புகள் கழிந்து, பனைகள் கழிந்து, திருவான்மியூர்க் கோபுரம் தெரிகிறபோது கோமளம் கேட்டாள்.

"நான்தான்னு சொன்னேளே. பென்ஷன் போயிருந்தா?"

"அதை யோசிக்கவில்லை" என்றேன்.

"நீங்களா?"

"நான்தான்."

முன்னாலிருந்து ரஹீம், "சாமி, ரோடு காலியா கீது. இருபத்தஞ்சுல போவட்டுமா?" என்று கேட்டார்.

கோமளம் என் முகத்தைப் பார்த்தாள். போகட்டும் என்றேன்.